மிக்ஸி, கிரைண்டர், கெட்டில்: சின்னச் சாதனங்களில் கரண்டை மிச்சம் பிடிப்பது எப்படி?

மிக்ஸி, கிரைண்டர், கெட்டில், ரைஸ் குக்கர் இவற்றில் கரண்டை மிச்சப்படுத்த வழி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கிரைண்டர் போடும்போதெல்லாம் வீட்டில் யாரோ முறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மாமியாராக இருக்கலாம், வீட்டு ஓனராக இருக்கலாம். அந்த முறைப்பை நானும் நிறைய வாங்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கிரைண்டரை விட்டுவிடுங்கள், பாவம் அது. டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட். முக்கால் மணி நேரம் ஓடினாலும் 0.11 யூனிட்தான். வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைத்தால் இரண்டு மாத பில்லில் இரண்டு யூனிட்கூட வராது. மிக்ஸி 500, 750 வாட் என்று போட்டிருந்தாலும் சட்னிக்கு எவ்வளவு நேரம் ஓடப்போகிறது? ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும், 750 வாட்டில் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். தேங்காய்ச் சட்னியில் சிக்கனம் பிடித்து யாரும் மாடி கட்டியதில்லை.

கரண்டைத் தின்பது சூடாக்குகிற சாமான். அது சத்தமே போடாது, அதனால் யாரும் அதைத் திட்டுவதும் இல்லை.

இதை நான் ஒருவருக்கு நிரூபித்தே காட்டியிருக்கிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், கீழே இரண்டு போர்ஷன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இ.பி. சர்வீஸ். எங்களுக்கு சப்-மீட்டர், அதாவது எங்கள் போர்ஷன் கரண்டை மட்டும் கணக்கெடுக்க வீட்டுக்காரர் வைத்த மீட்டர். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் அவரிடம் கொடுக்க வேண்டும். கிரைண்டர் சத்தம் கேட்டால் போதும், வீட்டுக்காரம்மா படி இறங்கி வந்துவிடுவார். "ஏம்மா, இன்னிக்கும் மாவா? மொத்த லோடும் ஏறிடுது, எங்களுக்கு பில் எகிறுது. மிக்ஸியில சுத்தினா சீக்கிரம் முடியுமே?" என்பார். மிக்ஸியில் அரைத்தால் இட்லி என்ன கதியாகும் என்பது இருக்கட்டும், கரண்டும் அதில் குறையாது. 750 வாட்டைக் கால் மணி நேரம் ஓட்டினால் கிரைண்டரைவிட அதிகமாகவே ஆகும். அப்படியே சொன்னேன். பிளஸ் டூவில் பிசிக்ஸ் படித்ததற்கு வேறெங்கே பயன்? அவர் நம்பவில்லை.

சரி, வாங்க என்று மீட்டர் முன்னால் கூட்டிப் போனேன். இப்போதைய மீட்டர்களில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 3200. ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கிரைண்டரை மட்டும் ஓட விட்டேன். நிமிடத்துக்கு எட்டு முறை மின்னியது. அப்புறம் கிரைண்டரை அணைத்து 1500 வாட் கெட்டிலைப் போட்டேன். விளக்கு படபடக்க ஆரம்பித்தது. நிமிடத்துக்கு எண்பது! பத்து மடங்கு. அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். மாடியில் அவர் மருமகள் அதே மாதிரி கெட்டிலில் நாள் முழுக்க வெந்நீர் வைத்துக் குடிப்பார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். "உங்க மீட்டர்ல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். அதன் பிறகு கிரைண்டருக்காகப் படி இறங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. விளம்பரத்தில் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை, விளக்கே சொல்லிவிடும்.

இனி கெட்டில். ஒன்றரை லிட்டரையும் கொதிக்கவைக்க சுமார் 0.14 யூனிட் ஆகும். ஒரு டம்ளர் டீக்கு முழுக் கெட்டிலையும் நிரப்புகிற பழக்கம்தான் வினை. ஒரு நாளைக்கு நான்கு முறை முழுசாகக் கொதிக்கவிட்டால் இரண்டு மாதத்தில் 33 யூனிட் போகும். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் மட்டும் வைத்தால் 11, 12-ல் நின்றுவிடும். கொதித்ததை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள், ஆற ஆறத் திரும்பச் சுடவைக்க வேண்டாம். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அடியில் படிகிற உப்பை எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவலாம்.

ரைஸ் குக்கரில் பலர் கவனிக்காதது அந்த 'வார்ம்' விளக்கு. அரிசியை அரை மணி ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். வெந்ததும் பிளக்கில் அணைத்துவிட வேண்டும். காலையில் வைத்த சோற்றை ராத்திரி வரை வார்மில் விட்டால், சோறு வேக ஆன கரண்டுக்கு ஈடாக இன்னொரு பங்கு போய்விடும். நெம்புகோல் மாதிரி ஒன்றை அழுத்துகிற சாதாரண குக்கர்களில் தனியாக அணைக்கும் பொத்தானே கிடையாது, சுவரில்தான் அணைக்க வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம்தான் சரி. குக்கரில் முதல் விசில் வந்ததும் குறைத்துவிடுங்கள். 400 வாட்டில் வைத்தால் பல அடுப்புகள் உண்மையில் விட்டு விட்டு வேகமாக எரிகின்றன, மீட்டர் விளக்கைப் பார்த்தால் தெரியும். சமைத்து முடித்த உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள், உள்ளே விசிறி ஓடி நிற்கட்டும்.

"ஹீட்டர், ஏசி இருக்கும்போது கெட்டில் கணக்கெல்லாம் ஒரு கணக்கா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவர் சொல்வது சரிதான், எங்கள் வீட்டிலும் ஹீட்டர்தான் முதலிடம். ஆனால் கேட்டவர் சமையலறையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அது மட்டுமில்லை, தமிழ்நாட்டில் 20 யூனிட் சில சமயம் பெரிய விஷயம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கு 4.50. ஆக, 501-வது யூனிட்டின் விலை அதன் எட்டு ரூபாயோடு இந்த 225-ம் சேர்ந்து 233 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது, அப்போதும் இந்தப் பொறி அப்படியே இருந்தது. நீங்கள் 490, 510 என்று விளிம்பில் நிற்கிறவர் என்றால் கெட்டில் தண்ணீரைக் குறைப்பதே போதும்.

இதெல்லாம் தனி இ.பி. மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு. எங்களை மாதிரி சப்-மீட்டர் குடித்தனக்காரர்களுக்கு இத்தனை யூனிட் வரை இவ்வளவு என்கிற ஸ்லாப் ஏது, சலுகை ஏது? 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். மடிப்பாக்கத்தில் இருந்தவரை அந்த இலவசத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் 150 யூனிட் ஓடினால் 1350 ரூபாய் கொடுப்போம். அதே 150 தனி மீட்டரில் ஓடியிருந்தால் அந்த 2022 கட்டணப்படி 112 ரூபாய் 50 காசு. மூன்று வீட்டையும் ஒரே சர்வீஸில் போட்டால் மொத்த பில் மேல் ஸ்லாபுக்குப் போகும், வீட்டுக்காரர் கைக்காசா போடுவார் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். ஒரே சர்வீஸில் போடச் சொன்னது யார்? தனித்தனிச் சமையலறையோடு தனித்தனி வாசல் வைத்துக் கட்டி வாடகை வாங்கத் தெரிகிறது, தனித்தனி இணைப்பு வாங்க மட்டும் "அதுக்கெல்லாம் அலைய முடியாதும்மா" என்றார்கள். நான் கிரைண்டரில் மிச்சம் பிடிக்க வேண்டுமாம்.

இப்போது இருக்கிற வீட்டுக்கு வருவதற்கு முன் தண்ணீர் வசதியைக்கூட அப்புறம்தான் கேட்டேன், மீட்டர் பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். உங்களுடையது தனி மீட்டரா, சப்-மீட்டரா என்று கேள்வியில் இல்லை. சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள், கெட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.