உலாவி படிக்காமல் விடும் குறிப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நூல்களை அறிமுகம் செய்யும் என் தளத்தில் ஒவ்வொரு நூலின் தலைப்பு, ஆசிரியர், வெளியான நாள் ஆகியவற்றை தேடுபொறிகள் புரிந்துகொள்ள உதவும் ஸ்கீமா.ஆர்க் சொற்களைக் கொண்டு, ஜேசன்-எல்டி என்னும் தரவு வடிவில் சேர்த்திருக்கிறேன். ஆனால் எந்த உலாவியில் திறந்தாலும் பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிழை என்னுடையதா, உலாவியுடையதா?

பதில்: இதை மட்டும் வைத்துப் பிழை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஜேசன்-எல்டி, ஸ்கிரிப்ட் என்னும் குறிச்சொல்லுக்குள் எழுதப்பட்டாலும், அதன் வகை வேறாகக் குறிக்கப்பட்டிருப்பதால், உலாவி அதை இயக்க வேண்டிய நிரலாகக் கொள்ளாமல் வெறும் தரவாக ஒதுக்கி வைக்கிறது. எச்டிஎம்எல் தரம் வகுத்திருக்கும் நடைமுறையும் அதுதான். நீங்கள் எழுதியதை முதன்மையாகப் படிப்பவை தேடுபொறிகளே. ஸ்கீமா.ஆர்க் சொற்தொகுதியை 2011 ஜூன் மாதம் கூகுள், பிங், யாஹூ ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தொடங்கின.

உலாவிகள் இந்தத் திசையில் நடந்து பார்க்காமல் இல்லை. குறிச்சொற்களுக்குள்ளேயே தரவைப் பதிக்கும் மைக்ரோடேட்டாவை ஸ்கிரிப்ட் மூலம் எடுத்துப் பயன்படுத்தும் வசதியை ஃபயர்பாக்ஸ் 2012-இல் தன் 16ஆம் பதிப்பில் கொண்டுவந்தது. 2016-இல் 49ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். ஒரு நூலின் பக்கத்தில் 04-03-2024 என்று அச்சாகியிருந்தால், அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று படிப்பவருக்கு உறுதியாகத் தெரியாது. அதே பக்கத்தின் மூலநிரலில் 2024-03-04 என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தும், திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. எங்கோ இருக்கும் தேடுபொறிக்குக் கிடைக்கிறது. பக்கத்தைத் திறந்தவருக்கே அந்தத் தரவு முதலில் உதவியிருக்க வேண்டும்.

உலாவியின் மௌனத்தில் இன்னொரு இடரும் உண்டு. ஜேசன்-எல்டி துண்டில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும், கடைசி வரிக்குப் பின் ஒன்று கூடுதலாக விழுந்தாலும், அந்தத் துண்டு முழுவதும் செல்லாததாகிவிடும். உலாவி அதைப் படிக்கவே இல்லை என்பதால் பிழைச் செய்தியும் வராது. ஆகவே வெளியிடும் முன் ஸ்கீமா.ஆர்க் தளத்தின் சரிபார்ப்புக் கருவியில் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். நாள்களைப் பொறுத்தவரை, பக்கத்தில் தெரியும் இடத்திலும் மாதத்தைப் பெயரால் எழுதிவிடுங்கள்.

கேள்வி: கணிதச் சமன்பாடுகளைப் படமாகப் போடாமல், கணிதத்துக்கான குறிமொழியாகிய மேத்எம்எல்-இல் எழுத விரும்புகிறேன். இப்போது நம்பி எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். 1998-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த இந்தத் தரத்தை ஃபயர்பாக்ஸ் நெடுங்காலமாகவே ஆதரித்து வந்திருக்கிறது. குரோமில் 2013-இன் தொடக்கத்தில் 24ஆம் பதிப்போடு வந்தது, அடுத்த பதிப்பிலேயே எடுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள், ஆதரவில்லாத உலாவியில் ‘இரண்டில் ஒன்று’ என்ற பின்னம், தொகுதியும் பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு 12 என்று தெரிந்தது. கணிதம் கற்பவருக்கு இதைவிடக் கேடான பிழை வேறென்ன இருக்க முடியும்? மேத்ஜாக்ஸ் போன்ற ஸ்கிரிப்ட் நூலகங்களே அந்த இடைவெளியை நிரப்பின. இகாலியா நிறுவனத்தின் பொறியாளர்கள் புதிதாக எழுதிய நிரல் 2023 ஜனவரியில் குரோம் 109-இல் சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குரோம் ஆதரிப்பது மேத்எம்எல் கோர் என்னும் சுருக்கிய தரத்தை. பழைய பக்கங்களில் அடைப்புக்குறி இடப் பயன்பட்ட எம்ஃபென்ஸ்டு என்னும் குறிச்சொல் அதில் இல்லை என்பதால், அடைப்புக்குறிகளை எம்ஓ என்னும் குறிச்சொல்லில் நேரடியாக எழுதுங்கள். படத்தை விட்டுச் சமன்பாட்டையே எழுதினால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் கொண்டு படிப்பவருக்கும் அதன் அமைப்பு எட்டும் வழி உண்டாகும். எனக்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: புதிய பதிவுகளை அறிவிக்கும் என் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடையைச் சொடுக்கினால் வெறும் குறிச்சொற்களாக வருகிறது. முன்பு ஃபயர்பாக்ஸ் அழகாகக் காட்டியதே?

பதில்: காட்டியது உண்மை. 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் ஓடை காட்டும் வசதியை அது நீக்கிவிட்டது. ஓடைக் கோப்பை வலைப்பக்கமாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கொண்டு ஓடைக்கு முகம் கொடுத்து வந்தவர்கள் பலர்; ஆனால் 2025-இல் குரோம் தரப்பினர், பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி, அந்த ஆதரவையும் விலக்கும் திட்டத்தை அறிவித்துவிட்டதால், புதிதாக அதைத் தொடங்க வேண்டாம். எக்ஸ்எம்எல் கோப்பாகிய ஓடைக்கு, தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் இணைப்பது இன்றும் செல்லுபடியாகும். ஓடையின் தொடக்கத்தில் சிஎஸ்எஸ் கோப்பைச் சுட்டும் ஒற்றை வரி போதும். தலைப்புகளும் சுருக்கங்களும் படிக்கும்படி அமையும், ஆனால் இணைப்புகள் மட்டும் சொடுக்கத்தக்கவை ஆகமாட்டா. அதோடு உங்கள் முகப்புப் பக்கத்தின் ஹெட் பகுதியில் ஓடையின் முகவரியை லிங்க் குறிச்சொல்லால் அறிவித்துவிட்டால், ஓடைவாசிப்புச் செயலியில் தளத்தின் முகவரியைக் கொடுத்தவுடனே அது ஓடையைத் தானாகக் கண்டுகொள்ளும்.