கோடை விடுமுறையில் வயதான அம்மா, குழந்தைகளோடு எகிப்து, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் மூன்றையும் ரயிலிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா? வெயில் தாங்குமா?

வெயில் தாங்கும். ஆனால் மூன்று நாட்டையும் ஒரே பயணத்தில் அடக்க வேண்டாம். ரயிலை நம்பி மே, ஜூனில் போவதென்றால் அந்த மூன்றில் உஸ்பெகிஸ்தான் மட்டும்தான் சரிவரும். எகிப்தை டிசம்பருக்குத் தள்ளிவையுங்கள். ஜோர்டானில் நீங்கள் நினைக்கிற மாதிரி ரயிலே கிடையாது.

மே நடுவில் பள்ளி மூடி ஜூலையில்தான் திறக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்களும் எங்களைப் போல டெல்லிப் பக்கம் என்று நினைக்கிறேன். நாங்கள் மயூர் விஹாரில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி என்கிறீர்கள். என் மாமியாருக்கும் அதே வயது, அதே முழங்கால். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "வயசானவங்களை எதுக்கு வெயிலில் இழுத்துக்கிட்டுப் போறீங்க" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஜூன் மாதம் டெல்லியில் 45 டிகிரி அடிக்கும்போது, மூன்றாவது மாடி வீட்டில் அத்தையைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் மட்டும் கிளம்பினால் அதற்குப் பெயர் அக்கறையா?

முதலில் இங்கே ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். பஸ்ஸில் ஊர் ஊராகக் கூட்டிப் போகிற திட்டம் ஒன்றை நீட்டினார்கள். காலை பத்து மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பி, பன்னிரண்டு மணிக்கு சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கம், இரண்டு மணிக்குச் சாப்பாடு. அது நிழலே இல்லாத கல் தளம். "பாட்டிக்கு முடியலைன்னா பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கட்டும்" என்றார் அந்த ஆள். அத்தை உடனே எழுந்துவிட்டார். "பஸ்ஸைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகணும்? வாம்மா போகலாம்" என்றார். திட்டத்தை நாங்களே போடுவது என்று அன்றைக்கே முடிவானது.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வெயில் நாட்டுக்குத் திட்டம் போடும்போது ஊர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள், உச்சிப் பொழுதில் தொடங்குங்கள். பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை உங்கள் அம்மா எங்கே இருப்பார்? ஒன்று அறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்சாதன ரயிலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இந்தக் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு, பார்க்க வேண்டிய இடங்களை விடியற்காலைக்கும் மாலைக்கும் பிரித்துப் போடுங்கள்.

உஸ்பெகிஸ்தான் இதற்கென்றே அமைந்த நாடு. டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேர் விமானம் ஏறினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், சென்னைக்குப் போகிற நேரம்தான். தாஷ்கண்டிலிருந்து சமர்கந்த் 344 கிலோமீட்டர். 2011இலிருந்து ஓடும் அஃப்ரோசியோப் என்ற அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து புகாரா இன்னும் ஒன்றரை மணி நேரம். ஊர் மாறுகிற பயணத்தை மதியத்தில் வைத்துக்கொண்டால் வெயில் ஜன்னலுக்கு வெளியேயே நின்றுவிடும். நம் ஊர்க் கத்திரி போல அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரை ஏறக்குறைய நாற்பது நாளை சில்லா என்கிறார்கள், உச்ச வெயில் அப்போதுதான். மே கடைசியில் போய் ஜூன் நடுவுக்குள் திரும்பிவிட்டால் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வறண்ட வெயில் என்பதால் நிழலுக்குள் வந்ததும் உடம்பு ஆறிவிடுகிறது, ராத்திரி காற்றும் வரும்.

சமர்கந்தில் பீபி கானிம் மசூதியைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே பார்த்தோம். 1398இல் டெல்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பிய சமர்கந்த் மன்னர் தைமூர் அடுத்த வருடமே கட்டத் தொடங்கியது அது. கல் இழுக்க டெல்லியிலிருந்து கொண்டுபோன யானைகள், இங்கிருந்து பிடித்துப்போன கொத்தர்கள் என்று படித்திருந்தேன். என் பையன் அந்த நுழைவாயிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அம்மா, இது நம்ம காசிலயா கட்டினாங்க?" என்று கேட்டான். எங்கள் வீட்டிலிருந்து ஐடிஓ போகிற வழியில் பெரோஸ் ஷா கோட்லா இருக்கிறது. அங்கே உள்ள மசூதியில் தைமூர் தொழுததாகச் சொல்வார்கள். கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துப் பாழடைந்த கோட்டை என்றுதான் அதுவரை அவனுக்குத் தெரியும். அவனுக்கு அந்தக் கோட்டைக்கு ஒரு கதை கிடைத்தது சமர்கந்தில்தான். உலுக் பெக் வானாய்வுக் கூடமும் அப்படித்தான். உலுக் பெக் தைமூரின் பேரன், 1437இல் ஆயிரத்துப் பதினெட்டு நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்ட மனிதர். வானத்தை அளக்க அவர் கட்டிய, மண்ணுக்குள் இறங்கும் பெரிய வளைவின் மிச்சத்தை 1908இல்தான் தோண்டி எடுத்தார்கள். பள்ளிச் சுற்றுலாவில் டெல்லியின் பழைய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தர் போய்வந்திருந்த என் பெண் அதைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்றாள். ஜந்தர் மந்தரைக் கட்டிய ஜெய்சிங் உலுக் பெக்கின் அட்டவணைகளைத் தேடிப் படித்தவர்தான். "ரயிலில் போனால் குழந்தைகளுக்குப் போரடிக்கும்" என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

புகாராவில் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ககான் என்ற இடத்தில் இருக்கிறது. ரஷ்யர்கள் தண்டவாளம் போட்டு 1888இல் சமர்கந்த் வரை ரயிலைக் கொண்டுவந்தபோது, புகாராவை ஆண்ட அமீர் அதைத் தன் நகரத்துப் பக்கம் விடவில்லை என்கிறார்கள். வயதானவர்களோடு போனால் டாக்ஸியை முன்பே பேசிவைப்பது நல்லது. புகாராவில் வெயிலுக்கு ஒரு நல்ல ஒதுக்கிடமும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய குவிமாடச் சந்தைகள் இன்னும் இருக்கின்றன. தடித்த செங்கல் சுவர், மேலே சின்னத் திறப்புகள், உள்ளே நுழைந்ததும் சில்லென்று இருக்கும். அத்தை நடந்து நடந்து கடை பார்த்தது அங்கேதான். லாபி ஹவுஸ் குளக்கரையில் பழைய முசுக்கொட்டை மரங்களுக்குக் கீழே கட்டில் மாதிரி ஆசனங்கள் போட்டிருப்பார்கள். காலை நீட்டி உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அந்த நாட்டின் இன்னொரு பழைய நகரமான கீவாவுக்கு 2018இல்தான் ரயில் வந்தது. அங்கிருந்து தாஷ்கண்டுக்கு இரவு ரயிலில் திரும்பினோம். நாலு படுக்கை கொண்ட மூடிய அறையை கூப்பே என்கிறார்கள். ஒற்றைப்படை எண் கீழ்ப் படுக்கை, இரட்டைப்படை மேல். நம் ரயிலின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பதிவு செய்யாதீர்கள். நாங்கள் ஐந்து பேர் என்பதால் என் கணவர் பக்கத்து அறைக்குப் போனார். பெட்டியின் ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு வெந்நீர்க் கொதிகலன் இருக்கும், இரவு முழுக்கக் கொதித்துக்கொண்டே இருக்கும். அத்தை சைவம். அந்த நாட்டுப் புலாவில் ஆட்டுக்கறி இல்லாமல் இருக்காது, பகலெல்லாம் ரொட்டியும் தக்காளி வெங்காயமும் முலாம்பழமும்தான் அவருக்கு. அதனால் வறுத்த அவலில் புளிக்காய்ச்சல் கலந்து கொண்டுபோயிருந்தேன். டப்பாவில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் பத்து நிமிடத்தில் புளி அவல். பெருங்காய வாசனை பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. பெட்டியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். மொழி தெரியாது. அத்தை ஒரு கை அள்ளி நீட்டினார். அவர் வாயில் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கினார், அப்புறம் இன்னொரு கை கேட்டு வாங்கினார். போய் நீலக் கிண்ணத்தில் பச்சைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கிண்ணத்தைச் சுற்றி வெள்ளையில் பருத்திக்காய் வரைந்திருந்தது. எங்கள் பயணத்தில் அத்தை நன்றாகத் தூங்கியது அந்த இரவுதான்.

சரி, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு வந்த எதிர்ப்பு வெயிலைப் பற்றியது இல்லை. "மே மாசம் ஊருக்கு வராம அப்படி என்ன வெளிநாடு?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். டெல்லியில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு விடுமுறை என்றாலே திருநெல்வேலிதான் என்று எழுதிவைத்த மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கோடையும் காத்திருப்புப் பட்டியலில் டிக்கெட் போட்டு, இரண்டு இரவு உட்கார்ந்து, வீடு வீடாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறோம். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் ஆக்ரா போகிற வழியில் இரண்டு நாள் தங்குவார்கள், குழந்தைகளிடம் "தமிழ் ஒழுங்காப் பேச வரலையே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பாசம் இல்லாமல் சொல்லவில்லை. ஒரே ஒரு கோடையை எங்களுக்கென்று எடுத்துக்கொண்டதற்கு இவ்வளவு பேச்சு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காசுக் கொழுப்பு என்று எழுத நினைப்பவர்கள், மே கடைசியில் ஐந்து பேர் தூத்துக்குடிக்கு விமானத்தில் போய்வர என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். 

உங்கள் மற்ற இரண்டு நாடுகளுக்கு வருகிறேன். எகிப்தில் கெய்ரோவிலிருந்து நைல் நதியை ஒட்டியே லக்சர், அஸ்வான் வரை ரயில் போகிறது, படுக்கை வண்டியும் உண்டு. 1856லேயே அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவுக்கு ரயில் விட்ட நாடு. ஆனால் லக்சரில் ஜூனில் நாற்பதைத் தாண்டும், பழைய மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர் பள்ளத்தாக்கு மொட்டைப் பாறை. அங்கே ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் முழு வேலையும் இருக்கிறது. அபு சிம்பல் கோயில்களுக்கு ரயில் இல்லை, அஸ்வானிலிருந்து சாலையில் 280 கிலோமீட்டர். கணன், சாதன் என்று பழந்தமிழ் எழுத்தில் நம் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடு கிடைத்த குசேர் துறைமுகத்தைப் பார்க்க உங்களுக்கு ஆசை இருக்கலாம், எனக்கும் உண்டு. அது செங்கடல் கரையில் இருக்கிறது, நைல் ரயில் அந்தப் பக்கம் போகாது. ஜோர்டானில் பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்கு ரயில் இல்லை. டமாஸ்கஸிலிருந்து 1908இல் மதீனா வரை போட்டுமுடித்த ஹெஜாஸ் ரயில் பாதையின் மிச்சம்தான் அங்கே இருக்கிறது, அதை நம்பிக் குடும்பத்தோடு ஊர் சுற்ற முடியாது.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை. அம்மாவின் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை இருந்தால் சுங்கத்தில் கேட்பார்கள். உஸ்பெகிஸ்தானுக்கு இந்தியர்களுக்கு மின் விசா உண்டு. அஃப்ரோசியோப் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அந்நாட்டு ரயில்வேயின் தளத்திலோ செயலியிலோ விற்பனை திறந்ததும் வாங்கிவிடுங்கள், ஹோட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரவு ரயிலில் முதலில் அம்மாவுக்கு ஒற்றைப்படை எண்ணைப் பிடியுங்கள், மற்றவர்கள் எங்கே ஏறினாலும் பரவாயில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அப்பா பெயர் ஒருவருக்கு முன்னால் இருக்கும், ஒருவருக்குப் பின்னால் இருக்கும். மின் விசாவில் பெயர் எப்படி வந்திருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே டிக்கெட்டிலும் போடுங்கள்.