ஐஸ் டான்ஸில் மதிப்பெண் எப்படி விழுகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பனித்தளத்தில் நடக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ஒரு பிரிவான ஐஸ் டான்ஸ் பற்றி வந்த கேள்விகளில், எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: பேர்ஸ், ஐஸ் டான்ஸ் இரண்டிலும் ஓர் ஆண், ஒரு பெண். அப்புறம் என்ன வித்தியாசம்?

ஃபிகர் ஸ்கேட்டிங்கின் இன்னொரு ஜோடிப் பிரிவான பேர்ஸில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார்கள், தூக்கி எறிவார்கள், இருவரும் அருகருகே இரண்டு மூன்று சுற்றுத் தாவுவார்கள். ஐஸ் டான்ஸில் எறிவதற்கு இடமில்லை. தலைக்கு மேல் கையை முழுதாக நீட்டித் தூக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு மேல் தாவக் கூடாது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கால் வேலைதான். போட்டியே அதில்தான்.

ஸ்கேட் பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள், அதாவது எட்ஜ்கள். எந்த எட்ஜில் போகிறார், முன்னோக்கியா பின்னோக்கியா, திரும்பும்போது எட்ஜ் சுத்தமாக மாறியதா என்பதுதான் கணக்கு. ஐஸ் டான்ஸ் பிளேடின் பின்பக்கம் கொஞ்சம் குட்டையாக இருக்கும். இருவரும் அவ்வளவு நெருக்கமாகப் போவதால், பிளேடுகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு.

பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே பாருங்கள். உடம்பு நன்றாகச் சாய்ந்து, வளைவு ஆழமாக விழுந்து, இருவர் கால்களுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் அது நல்ல ஜோடி. திருப்பத்தில் கரகரவென்று தேய்ந்து பனித்தூள் தெறித்தால் பிளேடு வழுக்கியிருக்கிறது.

சேலத்திலிருந்து: மார்க் போடுவது யார்? எதற்கு எவ்வளவு?

இரண்டு குழுக்கள் உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் நடுவர்களைத் திட்டாதீர்கள்.

முதலாவது தொழில்நுட்பக் குழு. செய்த அம்சம் (தூக்குவது, சுழல்வது போன்றது) என்ன, அது எந்த லெவல், அதாவது எவ்வளவு கடினம் என்று முடிவு செய்வது இவர்கள்தான். சந்தேகம் வந்தால் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது, பெரிய போட்டிகளில் 9 நடுவர்கள். ஒவ்வோர் அம்சத்தையும் எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் -5 முதல் +5 வரை தருவார்கள். அதோடு கட்டமைப்பு, வழங்கும் விதம், ஸ்கேட்டிங் திறன் மூன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுக்கிறார்கள்.

ஆட்டமும் இரண்டு. ரிதம் டான்ஸ் சுமார் 2 நிமிடம் 50 விநாடி. அதற்கான கருப்பொருளைச் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனமே தரும். 2025-26க்கு 1990களின் இசை. ஃப்ரீ டான்ஸ் சுமார் 4 நிமிடம். அதற்கு இசை அவரவர் விருப்பம்.

ஈரோட்டிலிருந்து: வர்ணனையில் "லெவல் 4, லெவல் 3" என்கிறார்களே?

ட்விஸிலை வைத்துச் சொல்கிறேன். ஒற்றைக் காலில், நகர்ந்துகொண்டே சுழல்வதுதான் ட்விஸில். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் சுழல வேண்டும். நகராமல் நின்ற இடத்திலேயே சுழன்றால் அது ட்விஸில் ஆகாது. சுற்றுகளின் எண்ணிக்கை, கையை எங்கே வைத்தார்கள், எந்த எட்ஜில் நுழைந்தார்கள் என்பதையெல்லாம் பார்த்து லெவல் தருவார்கள். 4தான் உச்சம். இதில் பெண்ணுக்குத் தனி லெவல், ஆணுக்குத் தனி லெவல். ஒருவர் நடுவில் தடுமாறி மறு காலை ஊன்றிவிட்டால் அவருடைய லெவல் இறங்கும், நடுவர்கள் தரும் புள்ளியும் குறையும். முன்னணி ஜோடிகளுக்குள் பதக்கம் பல சமயம் இந்த இடத்தில்தான் கைமாறுகிறது.

கரூரிலிருந்து: விழுந்தால் எவ்வளவு போகும்?

ஒருவர் விழுந்தால் 1, இருவரும் விழுந்தால் 2. துணையைத் தூக்கும் லிஃப்டின் நேரம் மீறினாலும் 1 போகும். ஒற்றை லிஃப்டுக்கு 7 விநாடி, இரண்டை இணைத்துச் செய்தால் 12.

கோவையிலிருந்து: 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் பிரெஞ்சுப் பெண்ணின் உடை அவிழ்ந்ததற்காக 1 புள்ளி கழித்துத் தங்கத்தைப் பறித்தார்களாமே?

இல்லை. உடையின் ஒரு பகுதி பனியில் விழுந்தால்தான் கழிவு. கேப்ரியெல்லா பாப்படாகிஸின் கழுத்துப் பட்டை கழன்றது, கீழே எதுவும் விழவில்லை. அதனால் கழிக்கவும் இல்லை. ஷார்ட் டான்ஸில் (ரிதம் டான்ஸுக்கு அன்றைய பெயர்) அவருக்கும் கியோம் சிஸெரோனுக்கும் 81.93, கனடாவின் டெஸ்ஸா வர்ச்சு, ஸ்காட் மொயர் ஜோடிக்கு 83.67. ஃப்ரீ டான்ஸில் பிரெஞ்சு ஜோடி 123.35, கனடா 122.40. கூட்டினால் 205.28க்கு எதிராக 206.07. வித்தியாசம் 0.79.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜப்பானின் நகோயாவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதியில், உடைத் தொல்லை எதுவும் இல்லாமல், அதே பிரெஞ்சு ஜோடி வாங்கியது 82.07. பியோங்சாங்கில் குறைந்தது 0.14தான்.

கோவையிலிருந்து மறுபடியும்: ஒலிம்பிக்ஸில் எல்லாருக்குமே மார்க் ஏறும். ஏறாமல் நின்றதே இழப்புதானே?

நல்ல வாதம், கணக்கும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. நகோயாவில் கனடா ஜோடியின் ஷார்ட் டான்ஸ் 81.53, அது இரண்டு புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. பிரெஞ்சு ஜோடியின் ஃப்ரீ டான்ஸும் 120.09லிருந்து மூன்று புள்ளிக்கு மேல் ஏறியது. ஏறாமல் நின்றது உடை கழன்ற அந்த ஒரு ஆட்டம் மட்டும்தான். ஆக, கவனம் சிதறியதால் லெவலிலோ தரத்திலோ கொஞ்சம் போயிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "கழித்தார்கள், பறித்தார்கள்" என்பது வேறு பேச்சு, அது தவறு.

மதுரையிலிருந்து: கோவைக்காரர் சொல்வதுதான் சரி. அப்போதே நிறுத்தியிருக்கலாமே?

நிறுத்தினால் அதற்கென்று தனிக் கழிவு இருக்கிறது. தொடர்ந்து ஆடியதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு ஜோடிகளும் மான்ட்ரியலில் ஒரே பயிற்சியாளர்களிடம் தினமும் ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். இதை இரண்டு நாட்டுச் சண்டையாக்குவது அந்த நால்வருக்கும் நியாயம் செய்வதாகாது.

சென்னையிலிருந்து: எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்ததுதானே?

அப்படி நடந்ததுண்டு. 1998 நாகானோவில் கனடா நடுவர் ஜீன் சென்ஃப்ட், உக்ரைன் நடுவர் யூரி பால்கோவ் தன்னிடம் தொலைபேசியில் பேசியதைப் பதிவு செய்து வெளியிட்டார். பால்கோவுக்கு ஓராண்டுத் தடை. 2002 சால்ட் லேக் சிட்டி ஊழல் பேர்ஸில் வெடித்தது. ஆனால், பேர்ஸ் தங்கம் ரஷ்யாவுக்கு, பதிலுக்கு ஐஸ் டான்ஸ் தங்கம் பிரான்சுக்கு என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகுதான் ஆறுக்கு இவ்வளவு என்று போடும் பழைய 6.0 முறை போய் இன்றைய முறை வந்தது.

அப்போது யார் எவ்வளவு போட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். பெயர் தெரியாத நடுவரை யார் கேள்வி கேட்பது? 2016இல் அந்த மறைப்பை நீக்கினார்கள். இன்று ஒவ்வொரு நடுவரின் பெயரும் எண்ணும் வெளியே இருக்கிறது. எண்களைப் பார்த்துவிட்டுக் குற்றம் சொல்லுங்கள், கேட்கிறேன்.

நெல்லையிலிருந்து: நடுவர்கள் தங்கள் நாட்டுக்கு அதிகம் போடுவார்களா?
தஞ்சையிலிருந்து: இது ஃபிக்ஸிங்தானே?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வந்தபடி இருக்கிறது.

பெங்களூரிலிருந்து: இந்திய இசைக்கு யாராவது ஆடியிருக்கிறார்களா?

2010 வான்கூவரில் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடி. அந்தப் பருவத்தின் கருப்பொருள் நாட்டுப்புற நடனம். அவர்கள் இந்திப் படப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, கழுத்தசைவு, கை முத்திரைகளோடு ஆடினார்கள். அங்கே வெள்ளி, 2014 சோச்சியில் தங்கம். அவசியம் பாருங்கள்.

வேலூரிலிருந்து: நான்கு சுற்று ஆக்ஸல் தாவலுக்கு எவ்வளவு?

அது தனிநபர் பிரிவு. அதைப் பின்தொடர்பவர்களிடம் கேளுங்கள்.

சென்னையிலிருந்து: மகளைச் சேர்க்க வேண்டும், இந்தியாவில் எங்கே?

ஒலிம்பிக் அளவுப் பனித்தளம் டேராடூனில் இருக்கிறது. பயிற்சி விவரங்களை அங்கேயே விசாரியுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: எண்களைப் பாருங்கள் என்கிறீர்கள், எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு பெரிய போட்டியின் முடிவுகள் பக்கத்திலும் ஒரு பிடிஎஃப் இருக்கும். இடப்பக்கம் செய்த அம்சமும் லெவலும். வலப்பக்கம் 9 நடுவர்களுக்கு 9 பத்திகள். முதலில் லெவல்களைப் பாருங்கள். அப்புறம் ஒரே வரியில் எட்டுப் பேர் +3 போட, ஒருவர் மட்டும் 0 போட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். அப்படி இருந்தால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.