அரிவாள்மணையைப் பார்க்கும் கண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் எழுதும் இந்திய வம்சாவளி எழுத்தாளர் ஜும்பா லாஹிரியின் ‘மிஸஸ் சென்’ஸ்’ கதையை அண்மையில் வாசித்தேன். அமெரிக்காவில் தனித்துத் தவிக்கும் வங்காளப் பெண்ணின் கதையை, அவள் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கச் சிறுவனின் பார்வையில் ஏன் சொல்ல வேண்டும்? புலம்பெயர்ந்தவரே ‘நான்’ என்று சொல்வதுதானே நேர்மை?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அக்கதையில் அரிவாள்மணை வரும் இடத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். மிஸஸ் சென் தானே கதைசொல்லியாக இருந்திருந்தால் அதற்கு ஒரு சொல் போதும். காய் நறுக்க உட்கார்ந்தேன் என்று அடுத்த வரிக்குப் போயிருப்பார். பதினொரு வயது எலியட்டுக்கோ அது புரியாத கருவி. ஆகவே வைக்கிங் கப்பலின் முகப்பைப் போல வளைந்த அந்த அலகையும், தரையில் செய்தித்தாள் விரித்து அதன்முன் அமர்ந்திருப்பவளையும் அவன் நிதானமாகப் பார்க்கிறான். தான் கத்தினால் யாராவது வருவார்களா என்று அவள் கேட்கும்போது, சத்தம் அதிகமென்று புகார் செய்யக்கூடும் என்கிறான். அந்த ஊரின் இயல்பை அறிந்த, குற்றம்சாட்டும் நோக்கமற்ற ஒரு குழந்தை மட்டுமே சொல்லக்கூடிய பதில் அது. அதையே அவள் வாயால் சொல்ல வைத்திருந்தால் புலம்பலாகியிருக்கும்.

‘நான்’ என்பதாலேயே நேர்மை வந்துவிடுவதில்லை. அக்கதை இடம்பெற்ற ‘இன்டர்ப்ரெட்டர் ஆஃப் மேலடீஸ்’ தொகுப்பின் இறுதிக் கதையில் கணவர் ‘நான்’ என்று பேசுகிறார். அவர் கவனித்த அளவுக்குத்தான் மனைவி மாலா நமக்குக் கிடைக்கிறாள். அதைவிடச் சங்கடமானது, தன் வீட்டுச் சமையலையும் சடங்கையும் வரிக்கு வரி விளக்கும் ‘நான்’. (என் ஆரம்பகாலக் கதைகளிலும் இந்தக் குறை உண்டு.) தன் வீட்டுக்குள் இருப்பவர் எவரும் தனக்குத்தானே அப்படிப் பேசிக்கொள்வதில்லை, வாசலில் நிற்கும் விருந்தாளிக்குச் சுற்றிக்காட்டும் குரல் அது.

இன்னொரு வழி, சமூகமே பேசுவது. ஆங்கிலத்தின் தன்மைப்பன்மையான ‘we’ கேட்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்று சொல்லாமலே நழுவிவிடும். தமிழில் எழுதுபவர் முதல் வரியிலேயே ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ முடிவு செய்தாக வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜூலி ஓட்சுகாவின் 2011ஆம் ஆண்டுப் படைப்பான ‘தி புத்தா இன் தி ஆட்டிக்’ (சிறுகதை அல்ல, சிறிய நாவல்) கடல்கடந்து அமெரிக்கா வந்த ஜப்பானிய மணப்பெண்களின் கூட்டுக்குரலில் நடக்கிறது; தமிழாக்கினால் அது ‘நாங்கள்’தான். ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் ஊரைவிட்டு அகற்றப்பட்டபின், கடைசி அத்தியாயத்தில் அந்தக் குரல் ஊரில் எஞ்சிய வெள்ளையர்களுடையதாகிவிடுகிறது. இதுவரை பேசியவர்கள் அங்கே ‘அவர்கள்’ ஆகிவிடுகிறார்கள்.

அன்புடன்