ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி ஏன் சீக்கிரம் வலுவிழக்கிறது?

கிடங்கில் ஓடும் மின்சார ஃபோர்க்லிஃப்டின் பேட்டரி இரண்டே ஆண்டில் ஒரு ஷிப்டுக்குக்கூடத் தாங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஈய-அமில பேட்டரி என்றால், முதலில் சார்ஜ் ஏற்றும் பழக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வகை பேட்டரி சுமார் 1,500 முறை சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கும். தேநீர் இடைவேளைதோறும் செருகி எடுத்தால் அந்த ஆயுள் வீணாகக் கரையும். 20 விழுக்காடு மிஞ்சும்வரை ஓட்டிவிட்டு, ஒரே மூச்சில் முழுமையாக ஏற்றுங்கள். அதற்கும் கீழே இறங்கவிட்டாலோ, இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டுவைத்தாலோ, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகி, பேட்டரி வலுவிழக்கும். எட்டு மணி நேரம் சார்ஜ், பிறகு ஆறவிடுவது, அதன்பின் வேலை என்பதே சரியான முறை.

பலர் கோட்டைவிடுவது பேட்டரிக்குள் தண்ணீர் நிரப்புவதில்தான். சார்ஜ் ஏறும்போது திரவமட்டம் உயரும். முன்கூட்டியே நிரப்பினால் அமிலம் பொங்கி வழிந்து, பெட்டியை அரிக்கும்; அப்படி இழந்த அமிலம் திரும்பி வராது. எனவே சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் விடலாம். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். தயவுசெய்து காற்றோட்டமான இடத்தில், வண்டியில் பேட்டரி இருக்கும் பெட்டியின் மேல்மூடியைத் திறந்துவைத்துச் சார்ஜ் போடுங்கள்; தண்ணீர் ஊற்றும் சிறு மூடிகளை அல்ல.