பாஸ் மீன்பிடிப்பு: கோல், முடிச்சு, படகு பற்றிய கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் நம்மவர்களுக்குத் தூண்டில் என்றால் பெரும்பாலும் கடல்தான் நினைவுக்கு வரும். ஆயினும் அண்மைக் காலமாக வரும் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை அணைகளைப் பற்றியும் அங்கு வாழும் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பற்றியுமே கேட்கின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஷேட் என்னும் கடல்மீனைப் பிடிப்பதற்கு என் தந்தை பயன்படுத்திய நீண்ட தூண்டில் கோல் என்னிடம் இருக்கிறது. இனாண்டா அணையில் பாஸ் பிடிக்க அதுவே போதாதா? (சாட்ஸ்வர்த்)

போதாது. காரணம் தெரிந்தால் புதிய கோலைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும். கடற்கரைக் கோல் பன்னிரண்டு முதல் பதினான்கு அடி நீளமுடையது. நூறு கிராமுக்கும் மேற்பட்ட ஈயக்குண்டை அலைக்கு அப்பால் எறிவதற்காகச் செய்யப்பட்டது. கோலை வளைப்பது எறியப்படும் எடை. அந்த வளைவு நிமிரும்போது பிறக்கும் விசையே இரையை முன்னே கொண்டுசெல்கிறது. பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள செயற்கை இரை கடற்கோலை வளைக்காது. வளையாத கோல் எறியாது. மீன் இரையை மெல்லத் தொட்டு விலகுவதையும் அது உங்கள் கைக்குச் சொல்லாது.

கடையில் கோலைக் கையில் எடுத்ததும் பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நீளம், வலு, வளைவு, ஏற்ற நரம்பின் (தூண்டில் நூலின்) பவுண்டு அளவு, ஏற்ற இரையின் எடை ஆகிய ஐந்தும் அங்கே இருக்கும். வலு என்பது கோலை வளைக்க எவ்வளவு சுமை தேவை என்பதைக் குறிக்கும். வளைவு என்பது அது எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பதைக் குறிக்கும். ‘ஃபாஸ்ட்’ என்று எழுதியிருந்தால் நுனிப்பகுதி மட்டும் வளையும். ‘மாடரேட்’ என்றிருந்தால் நடுப்பகுதி வரை வளையும். பலர் வலுவையும் வளைவையும் ஒன்றென்று எண்ணி, கனத்த கோலெல்லாம் விறைப்பாக இருக்கும் என்று கருதிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால், ஏழு அடி நீளமும், மீடியம்-ஹெவி வலுவும், ஃபாஸ்ட் வளைவும், 10 முதல் 17 பவுண்டு நரம்புக்கும் கால் முதல் முக்கால் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 7 முதல் 21 கிராம், இரைக்கும் ஏற்ற கோலையே வாங்குங்கள். மென்மையான புழு இரையைப் புல்லிடுக்கிலும் மூழ்கிய மரக்கிளைகளிலும் விட்டு, மீன் கவ்வியதும் முள்ளை அழுத்தமாகப் பதித்து வெளியே இழுக்க இந்த வலு வேண்டும். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைப் பொறுத்தவரை, முதன்முதலாகத் தொடங்குபவருக்கு ஸ்பின்னிங் ரீலே நல்லது. பெய்ட்காஸ்டர் ரீல் இரையைத் துல்லியமாக விழச்செய்யும் என்பது உண்மை. ஆனால் கட்டைவிரல் பழகும் வரை நரம்பு சிக்கிக் கூடு கட்டிக்கொண்டு பாதி நாளைத் தின்றுவிடும்.

தந்தையின் கோலை விற்றுவிடாதீர்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஷேட் பிடிக்கத் தடை இருக்கிறது. அந்த இரண்டு மாதங்கள் அணைக்கு, மற்றவை கடலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் அதே வகைக் கோல்தான் என்னிடம் உள்ளது. கிராங்க்பெய்ட் போடும்போது மட்டும் மீன் மாட்டிச் சிறிது தூரம் வந்தபின் கழன்றுவிடுகிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கிராங்க்பெய்ட் என்பது சிறு மீனின் உருவில் செய்த கடினமான செயற்கை இரை. அதில் சிறிய மும்முனை முட்கள் இருக்கின்றன. அவை மீனின் வாயோரத்தில் மேலோட்டமாகவே குத்துகின்றன. விறைத்த கோலால் வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழிந்து முள் வெளியே வந்துவிடும். மாடரேட் வளைவுள்ள கோல், அதுவும் கண்ணாடி இழை கலந்த கோல், மீனின் ஒவ்வொரு துள்ளலையும் தன் வளைவில் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது கோல் வாங்கும் வரை ரீலின் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, முள் பதிக்க வெட்டி இழுக்காமல் ரீலைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: பின்னல் நரம்பையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சுச் சிறந்ததா, டபுள் யூனி சிறந்ததா? லீடர் அவசியந்தானா? (வெருலம்)

பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்புக்கு நீட்சி மிகக் குறைவு. அதனால் உணர்வு மிகுதி. ஆனால் அது நீரில் பளிச்சென்று தெரியும், கல்லில் உரசினால் எளிதில் அறுந்துபோகும். எனவே இரைக்கு முன்னால் ஒரு பாகம், அதாவது ஏறத்தாழ ஆறடி, நீளத்துக்கு ஃபுளூரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் இழையாலான துண்டு நரம்பை லீடராகச் சேர்க்கிறோம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனுக்கு 1.42, நைலான் தங்கூசிக்கு ஏறத்தாழ 1.53. கண்ணுக்கே தெரியாது என்று விளம்பரங்கள் சொல்வது மிகை; நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பதே உண்மை. மேலும் அது நைலானைவிட அடர்த்தி மிக்கதாகையால் மூழ்கும். அடியில் ஓட்டும் இரைக்கு அது நன்மை. நீர்மட்டத்தில் மிதக்கும் இரைக்கு ஃபுளூரோகார்பனைக் கட்டவே வேண்டாம்.

முடிச்சுக்கு வருவோம். எஃப்.ஜி. முடிச்சில் லீடர் மடங்குவதே இல்லை. பின்னல் நரம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, லீடரின் மேலும் கீழுமாக மாறி மாறிப் பதினெட்டு, இருபது முறை பின்னி, எச்சிலால் நனைத்து, இரு பக்கமும் வலுவாக இழுக்க வேண்டும். சரியாக இறுகினால் பின்னலின் நிறம் கருத்துத் தெரியும். அந்த நிறமாற்றம் வராத முடிச்சை நம்பாதீர்கள். அதன்பின் லீடரையும் முதன்மை நரம்பையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சுகள் போட்டு, லீடரின் எஞ்சிய நுனியை ஒட்ட நறுக்கி, முதன்மை நரம்பின்மேல் மட்டும் மேலும் சில அரைமுடிச்சுகள் போட்டு முடிக்கலாம். இது மெல்லியதாக இருப்பதால் கோலின் வளையங்களுக்குள் தடையின்றிப் போய்வரும். அதனால்தான் நீளமான லீடருக்கு இதை விட்டால் வேறில்லை என்று சொல்வேன்.

ஆனால் காற்றடிக்கும்போது, ஆடும் படகில், குளிர்ந்த விரல்களால் இதைக் கட்டுவது கடினம். அப்பொழுது டபுள் யூனியே கைகொடுக்கும்: இரண்டு நரம்புகளையும் எதிரெதிராக அடுக்கி, பின்னல் பக்கம் எட்டுச் சுற்றும் லீடர் பக்கம் நான்கைந்து சுற்றும் சுற்றி, நனைத்து, ஒவ்வொன்றையும் இறுக்கி, பிறகு இரண்டும் ஒன்றையொன்று முட்டும்வரை இழுக்கவேண்டும். அது பருமனானது, ஆகையால் லீடரைக் கோலின் நுனி வளையத்துக்கு வெளியே நிற்கும் அளவுக்குக் குறுக்கிக்கொள்ளுங்கள். நான் எஃப்.ஜி.யை வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் கட்டிக்கொண்டு போகிறேன்; அணையில் அறுந்தால் டபுள் யூனி போடுகிறேன். அரைகுறையாகக் கட்டிய எஃப்.ஜி.யைவிட ஒழுங்காகக் கட்டிய டபுள் யூனி எவ்வளவோ மேல்.

கேள்வி: பெரிய மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு பழுதா, என் முடிச்சு பழுதா என்று எப்படி அறிவது? (டோங்காட்)

அறுந்த நுனியை எறிந்துவிடாமல் உற்றுப் பாருங்கள். நுனி பன்றிவாலைப் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று பொருள். சுற்றுகள் குறைவாக இருந்திருக்கும் அல்லது நுனியை மிக ஒட்ட நறுக்கியிருப்பீர்கள். முடிச்சு இருந்த இடத்திலேயே சட்டென்று முறிந்திருந்தால், நனைக்காமல் இறுக்கியதால் உராய்வுச் சூட்டில் நரம்பு நைந்திருக்கும். அடியோரத்தில் சொரசொரப்பாகச் சில அங்குலம் தேய்ந்திருந்தால், கல்லோ மரமோ அறுத்திருக்கிறது. ஆல்பர்ட் ஃபால்ஸ் அணையில் விடியற்காலையில் நான் இழந்த மீனின் நினைவு இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. நுனி சுருண்டிருந்தது, அவசரத்தில் மூன்றே சுற்றுச் சுற்றியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு முழத்தை இரு விரல்களுக்கு இடையில் உருவிப் பார்க்கிறேன். சிறு பிசிறு தட்டினாலும் வெட்டிவிட்டு மறுபடியும் கட்டுகிறேன்.

கேள்வி: புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பிடித்தவுடன் விட்டுவிடுவதானால் அந்த மாதத்தில் போகலாமா? (பீனிக்ஸ்)

விரதத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தாம் சொல்லவேண்டும். மீனைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டில் புரட்டாசி என்பது இளவேனில். நீர் சூடேறி 16 முதல் 20 பாகை வரை வரும்போது பாஸ் கரையோரம் வந்து முட்டையிடுகிறது. ஆண் மீன் அடித்தரையைத் துடைத்துக் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. இரையை அது பசியால் கவ்வுவதில்லை. கூட்டைக் காக்கவே கவ்வுகிறது. அதைப் பிடித்துச் சில நிமிடங்கள் கையில் வைத்திருந்தாலும், அதற்குள் புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளை உண்டுவிடும். ஆகவே ஆழமற்ற கரையில் வட்டமாக வெளுத்த தரையும் அதன்மேல் அசையாமல் நிற்கும் மீனும் தெரிந்தால், தயவுசெய்து அந்த இடத்தை விட்டு ஆழத்துக்குப் போய்விடுங்கள். மற்ற மீன்களை விடும்போதும் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். கனத்த மீனைத் தாடையால் மட்டும் தொங்கவிட்டுப் படமெடுப்பது அதன் தாடை மூட்டைக் கெடுக்கும்.

கேள்வி: உறவினர் பண்ணையில் ஒரு குட்டை உள்ளது. அணையில் பிடித்த பத்துப் பாஸ்களை அதில் கொண்டுபோய் விடலாமா? (ஸ்டேங்கர்)

கூடாது. பாஸ் இந்த மண்ணின் மீன் அல்ல. பெரிய வாய் பாஸ் 1928இல் கொண்டுவரப்பட்டு, கேப் பகுதியின் யோங்கர்ஸ்ஹூக் பண்ணையில் வளர்க்கப்பட்டுப் பரவியது. அது நுழைந்த சிற்றாறுகளில் உள்ளூர்ச் சிறு மீன்கள் அழிந்துபோயின. செடர்பெர்க் மலையிலுள்ள ராண்டெகாட் ஆற்றில், அதன் உறவான சிறுவாய் பாஸை அகற்றுவதற்கு 2012இல் ஆற்றுக்கே மீன்கொல்லி மருந்திட வேண்டியதாயிற்று. குட்டை வெள்ளத்தில் உடைந்தால் மீன் ஓடைக்குப் போய்விடும். அனுமதியின்றி உயிருள்ள மீனை இடம் மாற்றுவது சட்டப்படியும் குற்றம். பாஸ் பிடிப்பதை நேசிக்கும் நாமே இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு புதிய படகு வாங்க எண்ணுகிறேன். அலுமினியமா, ஃபைபர்கிளாஸா? ஒரே படகை அணைக்கும் கடலுக்கும் பயன்படுத்த முடியுமா? (அம்கெனி)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில் உயிர் இருக்கிறது. முடியாது. பாஸ் படகின் விளிம்பு தாழ்வானது. நின்று எறிவதற்காக மேடை அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். நம் கரையில் அலையைக் கடந்து போகும் ஸ்கீ-படகின் அமைப்பே வேறு. அதற்கு இரண்டு இயந்திரங்களும், அலை கடக்கப் பயிற்சி பெற்ற மாலுமியும் வேண்டும்.

இனி முதல் கேள்வி. எத்தனை பேர் போவீர்கள், எந்த வண்டி இழுக்கும், எந்த அணையில் இறக்குவீர்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கடைக்குப் போங்கள். இருவர் போவதற்கு நான்கு மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகு போதும். அது இலேசானது, சரளைக்கல் கரையில் உரசினாலும் தாங்கும், சிறிய காரே இழுத்துவிடும். ஃபைபர்கிளாஸ் கனமானது, விலையும் கூடுதல். ஆனால் பிற்பகல் காற்றில் அணை அலையடிக்கும்போது அதன் ஓட்டம் மென்மையாக இருக்கும், முதுகு வலிக்காது. ஓய்வுபெற்றவர் என்பதால் முதுகைச் சொன்னேன். இருந்தும் உங்கள் நிலையில் நான் அலுமினியத்தையே எடுப்பேன், மிச்சப் பணத்தை நல்ல மின்கலத்திலும் உயிர்காப்பு அங்கியிலும் போடுவேன்.

சட்ட விவரங்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் சிறுகலப் பாதுகாப்பு விதிகள் அணைகளுக்கும் பொருந்தும். இயந்திரம் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்டால் ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும்; படகு மூழ்காமல் மிதக்கும் என்பதற்கான மிதவைச் சான்றையும் விற்பவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். இழுவண்டியின் முழுச்சுமை அனுமதி 750 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் உரிமம் போதாது, ஈ.பி. வகை உரிமம் வேண்டும்.

மீன்பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்தும் மின்மோட்டாரைப் பற்றி: 55 பவுண்டு உந்துவிசையுள்ள 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதிக்கு மேல் தீர்த்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே முழு வேகத்தில் ஒரு மணி நேரந்தான்; மெல்ல ஓட்டினால் நாள் முழுவதும் வரும். காரின் மின்கலம் இதற்கு உதவாது. நீண்ட நேரம் தொடர்ந்து மின்சாரம் தரும்படி செய்த டீப் சைக்கிள் வகையே வேண்டும்.

கோடைகாலப் பிற்பகலில் மிட்லண்ட்ஸ் என்னும் உள்நாட்டு மேட்டுப்பகுதிப் பக்கம் இடிமேகம் எழும்பினால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்கு வந்துவிடுங்கள். கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீரில் எழுந்து நிற்பவரும் அவர் கையிலுள்ள கோலுமே அங்கு உயரமான பொருள்கள்.

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். அதற்கு அப்பால் ஆல்பர்ட் ஃபால்ஸ் போய்ச் சேரும்போது இழுவண்டியின் சக்கரக் குடம் சூடேறியிருக்கும். சூட்டோடு நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் துருப்பிடித்து, வீடு திரும்பும் வழியில் இரவு நேரத்தில் நின்றுவிடும். கரையில் அரைமணி நேரம் நிறுத்தி, கையால் தொட்டுப் பார்த்து, ஆறியபின் இறக்குங்கள். அந்த நேரத்தில் படகின் அடித்துளையின் அடைப்பான் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். திரும்பும்போது அதே அடைப்பானைக் கழற்றி நீரை வடித்து, குறிப்பாக இனாண்டாவிலிருந்து வருபவர்கள், படகிலும் இழுவண்டியிலும் ஒட்டியுள்ள ஆகாயத்தாமரையின் கடைசித் துண்டுவரை பிடுங்கிக் கரையிலேயே காயப்போட்டுவிட்டு வாருங்கள்.