நீளமான ஆர்டர் மட்டும் ஏன் தாமதம்? லைனை மாற்றுவதற்கு முன்

தஞ்சோங் பகாரில் ஒரு சிறிய வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "தரகருடனான எங்கள் ஃபிக்ஸ் (ஆர்டர்களை மின்னணு முறையில் அனுப்பும் பொது நெறிமுறை) இணைப்பில் சாதாரண ஆர்டருக்கு 3 மில்லி விநாடியில் பதில் வந்துவிடும். பல கணக்குகளுக்குப் பிரித்துப் போடும் நீளமான ஆர்டர் மட்டும் 43 ஆகிறது. லைன் விற்பவர் 100 மெகாபிட்டை ஒரு ஜிகாபிட் ஆக்கச் சொல்கிறார். ஆக்கலாமா?"

வேண்டாம். 250 பைட் ஆர்டர் ஒன்று 100 மெகாபிட் லைனில் ஏற 20 மைக்ரோ விநாடி, ஒரு ஜிகாபிட்டில் 2. மிச்சம் 18 மைக்ரோ. உங்களுக்குத் தொலைவது 40,000 மைக்ரோ! விற்பனையாளருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? கமிஷன் லைனுக்குத்தான், ஆலோசனைக்கு இல்லை.

எப்போதும் சரியாக 40 கூடுகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது நேகிள் மேல்தான், அதாவது சின்னச் சின்னத் துண்டுகளை உடனே அனுப்பாமல் நிறுத்தி வைக்கும் விதிமேல். உங்கள் மென்பொருள் நீளமான ஆர்டரை இரண்டு துண்டாக எழுதுகிறது, முதல் துண்டு போய்விடுகிறது, அது வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை வரும்வரை இரண்டாவதை டிசிபி (தகவலைச் சேதமில்லாமல் கொண்டுசேர்க்கும் இணைய நெறிமுறை) பிடித்து வைத்துக்கொள்கிறது, எதிர்முனை லினக்ஸோ அரை ஆர்டருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒப்புகையை 40 மில்லி விநாடி தள்ளிப்போடுகிறது. கோப்பிக்கடையில் "ரெண்டு கோப்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணன் தலையாட்டினால்தான் "சீனி குறைவு" என்பதைச் சொல்வேன் என்று நிற்கிற மாதிரி. அவரோ முழுசாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

உங்கள் பக்கம் நேகிளை அணைக்கும் டிசிபி நோடிலே (TCP_NODELAY) அமைப்பைப் போடுங்கள். அதற்கு முன் உங்கள் சர்வரிலேயே டிசிபிடம்ப் (போய்வரும் தகவல் துண்டுகளின் பதிவு) எடுத்து, ஒப்புகை வந்த மறுகணமே இரண்டாவது துண்டு கிளம்புகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் ஆட்கள் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டுக் காட்டி "எல்லாம் சரி" என்று புகார் டிக்கெட்டை மூடுவார்கள், நம்பாதீர்கள். பிங் டிசிபியே இல்லை. ஃபிக்ஸ் செய்தியில் அனுப்பிய நேரத்தைச் சொல்லும் 52ஆம் டேக்கைத் தரகரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சண்டைக்கும் போகாதீர்கள், இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும் என்று நிச்சயமில்லை.

லைன் உண்மையிலேயே போதாத நிலை ஒன்று உண்டு. காலை 9 மணிக்குச் சிங்கப்பூர்ச் சந்தை திறக்கும்போது மட்டும், குட்டை நீளம் என்று பார்க்காமல் எல்லா ஆர்டரும் தாமதமானால், விலைத் தகவல் வெள்ளமும் ஆர்டரும் ஒரே குழாயில் நெரிகின்றன. அங்கே தாமதம் 40 என்று நிற்காது, 5, 60, 18 என்று தாறுமாறாக ஆடும், பத்து நிமிடத்தில் தானாக அடங்கும். அப்போதுகூட முதலில் ஆர்டருக்கு முன்னுரிமை கொடுத்துப் பாருங்கள், அல்லது விலைத் தகவலை வேறு லைனில் விடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால்தான் பெரிய லைன். உங்கள் 43 இந்த ரகம் இல்லை.

ஒரு வரி அமைப்பை மாற்ற மூன்று கையெழுத்தும் இரண்டு வாரமும் கேட்பார்கள். மாதம் ஆயிரக்கணக்கான வெள்ளி லைனுக்கு அன்றே ஒப்புதல் கிடைக்கும். எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்!

அப்புறம், அந்த டிசிபிடம்ப் கோப்பை விற்பனையாளருக்கு அனுப்பிவிடாதீர்கள். டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இல்லாத ஃபிக்ஸ் என்றால் வாடிக்கையாளர் கணக்கு எண்கள் அதில் அப்படியே தெரியும்.